மாரிச்சாமியின் சம்மதம்

1

இங்கே அலுவலகத்தில் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "மெஃப்ராவ் வேலுச்சாமி, காபி வேண்டுமா?" என்பார்கள். திருமதி வேலுச்சாமி என்று அர்த்தம். கடவுச்சீட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது தொடங்கிய வினை. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், இது எங்கள் குடும்பப் பெயர் இல்லை, என் தகப்பனாரின் சொந்தப் பெயர், அவர் ஒருவருக்குத்தான் உரியது என்று சொல்லிப் பார்த்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே கிடையாதா?" என்று என்மேல் பரிதாபப்பட்டாள். அதற்கு மேல் வாதாட எனக்கு அப்போது டச்சு போதவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டைவிட்டு மதுரைக்குப் போவதற்கே சலித்துக்கொள்கிற மனிதர். இங்கே கால்வாய் ஓரத்துக் கட்டடத்தில் தினமும் கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறார், காபி கொடுக்கப்படுகிறார், ஆண்டு விடுப்பை எடுத்துக்கொள்ளும்படி நினைவூட்டப்படுகிறார். ஆரம்பத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பி வாசலைப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேனே என்பதுதான் சங்கடமாக இருக்கிறது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். "எம் மக வெளிநாட்டுல பேப்பர் திருத்துதா" என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது முழுப் பொய் இல்லை. விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழ்களுக்கு அனுப்புவார்கள். அப்படிப் பல இதழ்களை வெளியிடும் ஒரு நிறுவனத்தில் நான் நெறிமுறைப் பிரிவில் இருக்கிறேன். இல்லாத சோதனையைச் செய்ததாக யாராவது புளுகியிருக்கிறார்களா, அடுத்தவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்களா, ஒரே படத்தைத் திருப்பி வைத்து வேறு படம் என்று காட்டியிருக்கிறார்களா என்று புகார் வந்தால் விசாரிப்பது எங்கள் பொறுப்பு.

வருகிற புகாரில் பாதி, பெயரைப் பற்றியது. வேலை செய்தவரின் பெயர் கட்டுரையில் இருக்க வேண்டும், செய்யாதவரின் பெயர் இருக்கக் கூடாது. பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் 'இது என் கட்டுரைதான், வெளியிடச் சம்மதம்' என்று தானே சொல்லியிருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நம் ஊர்ப் பக்கத்துக் கட்டுரையை நான் பெயர் வரிசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். கல்யாணப் பத்திரிகை போடுகிற கைதான் அதையும் போட்டிருக்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் பந்தலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே, அந்தப் பயம்தான். துறைத் தலைவர் பெயர் வந்துவிடும், அவருக்கு மேலே இருப்பவர் பெயரும் வந்துவிடும். ஆராய்ச்சி நடந்த வயலை அவர்கள் ஜீப்பில் உட்கார்ந்தபடிகூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2

சென்ற மாதம் மின்னஞ்சலில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணைப் பற்றி எங்கள் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையைக் குறிப்பிட்டு, 'இதன் முதல் ஆசிரியர் காலமாகிவிட்டார். காலமானவர் எவ்வாறு சம்மதம் அளித்தார் என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடைசியில் 'உண்மை விரும்பி' என்று கையெழுத்து. ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் ஊர் மொட்டைக் கடிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. சிரித்துக்கொண்டேதான் கட்டுரையைத் திறந்தேன்.

முதல் பெயர் ரா. மாரிச்சாமி.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மாரிச்சாமி என் ஊர்க்காரன், வேளாண்மைக் கல்லூரியில் என்னோடு படித்தவன். அவன் இறந்துபோனது எனக்குத் தெரியும். மண் எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவனைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் செய்தி வாட்ஸப்பில் வந்தபோது நான் இங்கே கடையில் பால் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். படித்துவிட்டு, பின்னால் நின்றவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று பைக்குள் பாலை வைத்துக்கொண்டு நகர்ந்தேன். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இந்தக் கட்டுரை வந்ததோ சமீபத்தில்தான்.

எங்கள் கணினியில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை வந்ததும் அதில் பெயர் உள்ள எல்லோருக்கும் தனித்தனியாக ஒரு மின்னஞ்சல் போகும். அதிலுள்ள பொத்தானைத் தொட்டால் சம்மதம் பதிவாகும். மாரிச்சாமியின் பெயருக்கு நேரே பச்சைக் குறி விழுந்திருந்தது. 'நான் இறுதி வடிவத்தைப் படித்தேன். என் பெயரில் வெளியாகச் சம்மதிக்கிறேன்.' தேதியைப் பார்த்தேன். அவனுக்கு வருஷத் திதி கும்பிட்டு முடித்த பிறகு வருகிற தேதி.

காலை நேரம். ஜன்னல் ஓரம், நல்ல வெயில். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. யாரோ அவனுடைய மின்னஞ்சலில் நுழைந்து பொத்தானைத் தொட்டிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? அந்தப் பச்சைக் குறியைப் பார்த்தபோது அவன் குரல்தான் காதில் கேட்டது. "சரி, போடு" என்பான். எதற்கும் அதைத்தான் சொல்வான்.

3

மாரிச்சாமிக்குக் கரிசல் வெடிப்பு என்றால் பைத்தியம். சித்திரை வெயிலில் எங்கள் காடு பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொண்டால் பிறகு எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டோம். அவன் அதற்குள் பார்த்தான். குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியை விட்டு ஆழம் அளப்பான்.

"ஏட்டி சுப்பு, இங்கன வா. கைய உள்ள விடு" என்று என்னைக் கூப்பிடுவான்.

"பாம்பு கெடந்தா?"

"கெடந்தா கடிக்கட்டும். விடுட்டி. உள்ள எப்படிக் குளுந்து கெடக்கு பாரு."

மேலே கால் வைக்க முடியாமல் கொதிக்கிற மண், உள்ளே ஈரமாக இருக்கும். வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுகிறது, மழை பெய்ததும் வாய் மூடிக்கொள்கிறது, உள்ளே போனது வீங்கிப் புரண்டு வருஷக்கணக்கில் மெல்ல மேலே வருகிறது. கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்பான். அவனுடைய திருப்புளி, அதான் ஸ்க்ரூ டிரைவர், ஒன்று வெடிப்புக்குள் விழுந்து காணாமல் போயிருந்தது. எத்தனையோ மழைக்குப் பிறகு, அதே புஞ்சையில் உளுந்து விதைக்க உழுதபோது அது மேலே வந்து கிடந்ததாம். எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். துருவேறி, பார்த்த உடனே திருப்புளி என்று சொல்ல முடியாதபடி இருந்தது. 'நான் சொன்னேம்லா' என்று கீழே எழுதியிருந்தான்.

நான் வெளிநாட்டுக்கு வந்தேன். அவன் அங்கேயே ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதே மண்ணைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தான். 'எப்ப எழுதப் போறே?' என்று கேட்டால், 'இன்னும் ஒரு மழை பாத்துக்கிடுதேன்' என்பான். நம் ஊரில் ஒரு மழை என்றால் எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? அப்படி ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டுச் சேர்ந்த அளவுகள்தான் அந்தக் கட்டுரை. அவனோடு வேலை பார்த்த செல்லத்துரை என்கிறவர் அவற்றை எடுத்து எழுதி அனுப்பியிருந்தார். படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் மாரிச்சாமி இருந்தான். அவன் வாழ்க்கையில் அவன் பெயரில் வந்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அந்தப் பெயரைத்தான் இப்போது எடுப்பதா வைப்பதா என்று பார்க்க வேண்டும்.

4

வேண்டியவர் விவகாரத்தை நான் விசாரிக்கக் கூடாது. அன்றைக்கே என் மேலாளர் மரைக்கேவிடம் போய், இறந்தவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். மரைக்கே சைக்கிளில் வந்து இறங்கியதும் மழைக்கோட்டை மடித்து வைக்கிற விதத்திலேயே ஒழுங்கு தெரியும். படிவம் ஒன்றைக் கொடுத்தாள். உறவுமுறை என்ற இடத்தில் துணைவர், இரத்த உறவு, சக ஆசிரியர், முன்னாள் ஊழியர் என்று கட்டங்கள் இருந்தன. ஊர்க்காரன் என்பதற்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்பதில் குறியிட்டு, ஊர்க்காரன் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணையை அவளே எடுத்துக்கொண்டாள்.

செல்லத்துரை ஒளிக்காமல் பதில் அனுப்பினார். வேலை முழுக்க மாரிச்சாமி அண்ணனுடையது, அவர் பெயரை விட்டுவிட்டு நாங்கள் போட்டுக்கொண்டால் அது திருட்டு இல்லையா என்று கேட்டிருந்தார். அது நியாயம். எங்கள் விதியும் அதைத்தான் சொல்கிறது. இறந்தவரின் பெயரைத் தாராளமாகப் போடலாம், பக்கத்தில் சிறிய குறியொன்று இட்டு, காலமாகிவிட்டார் என்று கீழே எழுதினால் போதும். அவர் அதை எழுதவில்லை. கணினி ஒவ்வொரு பெயருக்கும் மின்னஞ்சல் முகவரி கேட்டது, அண்ணன் முகவரியைக் கொடுத்தேன் என்றார். வந்த மின்னஞ்சலுக்கு யார் பதில் சொன்னது என்ற கேள்விக்கு மட்டும், 'வீட்டில் பார்த்திருப்பார்கள்' என்று ஒற்றை வரி எழுதியிருந்தார்.

வீட்டில் என்றால் ரத்தினம். மாரிச்சாமியின் மனைவி. மகள் மதுரையில் படிக்கிறாள். ரத்தினம் தனியாகத்தான் இருக்கிறாள்.

மரைக்கே முறைப்படி வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தாள். யாழ்ப்பாணத்துப் பெரியவர், தங்கமான மனிதர். அவர் கேட்டது ரத்தினத்துக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. புரிந்த அரைகுறையில், இது ஏதோ கேஸ் என்று பயந்துவிட்டாள். யார் சம்மதம் சொன்னது என்று கேட்டதற்கு, "அவியதான் சொன்னாவ" என்று புருஷனைச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டாள். பெரியவர் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். ஆக, மாரிச்சாமி செத்த பிறகு தானே சம்மதம் கொடுத்தான் என்று எங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டது.

"இது மோசமாகப் போகிறது" என்றாள் மரைக்கே. பெயரை விலை பேசி விற்கிற கும்பல்கள் உண்டு, செத்தவர்கள் பெயரில் கட்டுரை தயாரிக்கிறவர்கள் உண்டு. சம்மதமே பொய் என்றால் உள்ளே இருக்கிற அளவுகளை மட்டும் எப்படி நம்புவது? யார் அந்தப் பொத்தானைத் தொட்டது என்று தொட்டவரே சொல்லிவிட்டால் திருத்தம் போட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான்.

ரத்தினத்தின் பேச்சு புரிகிறவர் வேறு யாரும் கிடைக்காததால், கடைசியில் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னாள். என் வேலை வாயை மட்டும் கொடுப்பது. ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. பேச்சு முழுவதும் பதிவாகும், அந்தப் பெரியவர் பிறகு அதைக் கேட்டுச் சரிபார்ப்பார். அதற்கு முன்னால் ரத்தினத்தோடு நான் தனியாகப் பேசக் கூடாது, பேசும்போது அவள் பக்கத்தில் செல்லத்துரையோ வேறு யாருமோ இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் கைப்பேசியில் அவள் எண் இருந்தது. அந்த ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

5

நடுவில் வீட்டுக் கதை கொஞ்சம்.

என் மகன் நிலவன் இங்கேயே பிறந்தவன். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், பக்கத்து வீட்டுக் கிழவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஒருநாள் தன் அப்பாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "ஏன், அது அவர் பெயர்தானே?" என்று டச்சில் கேட்டான். நான் தமிழில் திட்டினேன். அவன் அதில் பாதியைப் புரிந்துகொண்டான். இப்போதெல்லாம் எனக்கும் அவனுக்கும் பாதிப் பாதிதான். இருக்கிற பாதியும் வருஷா வருஷம் கொஞ்சம் தேய்கிறது.

அவனிடம் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லவே மாட்டாள். வேலுச்சாமி என்று வேறு யாராவது இருந்தாலும் அவரையும் 'பிள்ளைக அப்பா பேருக்காரர்' என்பாள். தபால் ஆபீஸ், பாங்கு, தாலுகா ஆபீஸ் எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். கவுன்ட்டரில் "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்பார்கள். அம்மா என் முதுகில் ஒரு விரலால் குத்துவாள். "பிள்ளைகிட்ட கேளுங்க சார், அது சொல்லும்." நான் எக்கி நின்று கத்துவேன்: "வேலுச்சாமி!" அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று நம்பிய காலம். காலம் என்று சொல்கிறேன், இப்போதும் எங்கள் பக்கம் அப்படி இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"அப்படியானால் பாட்டிக்காக நீதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாயா?" என்று கேட்டான்.

"ஆமாம்."

"உன் வேலையில் அதற்குத்தானே தண்டனை கொடுக்கிறீர்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒருவருக்காக இன்னொருவர் வாய் திறப்பது நமக்கு மரியாதை. அண்ணனுக்காகத் தம்பி கையெழுத்துப் போடுவான், படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் படிவத்தை நிரப்புவதோடு நிற்காமல் அபிப்பிராயத்தையும் சேர்த்து எழுதிக் கொடுப்பார். யாரும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. இதை மரைக்கேவுக்கு எந்தக் கட்டத்தில் எழுதிக் காட்டுவது?

6

எங்களுக்குக் காலை, அங்கே பிற்பகல். திரையில் ரத்தினம் வந்தாள். பின்னால் பச்சைச் சுவர், அதில் மாலை போட்ட மாரிச்சாமி. படத்தில் அவன் சட்டைப் பையில் பேனா இருந்தது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, நீங்களா?" என்றாள் ரத்தினம். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லாருக்கீங்களா? அவிய ஒங்கள சொல்லாத நாளு கெடையாது."

அதையும் நான் மரைக்கேவுக்கு மொழிபெயர்த்தேன். மரைக்கே தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.

முதல் கேள்வி: கணவரின் மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறது?

"அவிய போன் எங்கிட்டதான் இருக்கு. மாசாமாசம் ரீசார்ஜ் போட்டுருதேன். சார்ஜும் போட்டு வச்சிருதேன். சத்தம் வந்துகிட்டே இருக்கும்லாக்கா, அது இல்லைன்னா வீட்ல யாரும் இல்லாத மாதிரி இருக்கு."

என்ன சத்தம் என்று மரைக்கே கேட்டாள்.

"மெயிலு. தெனமும் வருது. எங்கெங்க இருந்தெல்லாமோ எழுதுதாவ. மக லீவுக்கு வரும்போது வாசிச்சுக் காட்டுவா. உலகப் புகழ் பெற்ற அறிஞரே, மேன்மை தாங்கிய பேராசிரியரேன்னு அவியள எப்படி மதிச்சு எழுதியிருக்காவ தெரியுமா? கூட வேலை பாத்தவுகளே மறந்துட்டாவ. இவிய யாரும் மறக்கல."

போனைத் திருப்பித் திரைக்கு நேரே காட்டினாள். வரிசையாக இருந்தன. எனக்கும் மரைக்கேவுக்கும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அத்தனையும் போலி இதழ்கள். காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கிறவர்கள், கண்ணில் படுகிற எந்தப் பெயருக்கும் இயந்திரம் வைத்து அனுப்புகிற புகழ்ச்சி. அந்தக் கும்பல்களைத் துரத்துவதுதான் மரைக்கேவின் பாதி வாழ்க்கை. அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்கு அவள் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் பற்றி நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை" என்றாள் என்னிடம். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கேள்வி இல்லையென்றால் மொழிபெயர்க்கவும் ஒன்றும் இல்லை.

அடுத்து, எங்கள் இதழிலிருந்து வந்த மின்னஞ்சல். அதில் பொத்தானைத் தொட்டது யார்?

ரத்தினம் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "போலீஸ் வருமாக்கா?"

வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நான் சொல்லக் கூடாது. மரைக்கேவிடம் கேட்டு, அவள் இல்லை என்று சொன்ன பிறகுதான் சொன்னேன்.

"நாந்தான் அமுக்குனேன்" என்றாள். "செல்லத்துரைத் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அண்ணன் பேரு வரணும்னா அதைத் தொட்டுத்தான் ஆவணும் மதினின்னு சொல்லிச்சு. அவியளுக்கு வந்த கடுதாசிக்கு நான் பதில் சொன்னதில்லையா? சிலிண்டர் வந்தா நாந்தான் கையெழுத்துப் போடுவேன். அதே மாதிரின்னு நெனச்சேன். அவிய இருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்கவா போறாவ? சரி, போடுன்னுதான் சொல்லியிருப்பாவ."

அந்தச் 'சரி, போடு' உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

மரைக்கே வேகமாக எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு இறுக்கம் விட்டது. விதி கேட்டது இவ்வளவுதான். "நல்லது" என்றாள். "கடைசியாக ஒன்று. பதிவுக்காக அவர் முழுதாகச் சொல்ல வேண்டும். இறந்தவரின் பெயர் என்ன, அவருடைய மின்னஞ்சலில் சம்மதம் கொடுத்தது தான்தான் என்பது, அவர் பெயர் கட்டுரையில் இருக்க வேண்டும் என்று மனைவியாகக் கேட்டுக்கொள்வது. இதை அவர் வாயால் சொல்லிவிட்டால் பெயர் இருக்கும்."

நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அவிய மெயில்ல நாந்தான் அமுக்குனேன். அவிய பேரு இருக்கணும்" என்றாள் ரத்தினம்.

"யாருடைய பெயர்?" என்று மரைக்கே கேட்டாள்.

"அவியதுதான்."

"பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்."

ரத்தினம் என்னைப் பார்த்தாள். "யக்கா, நீங்க சொல்லுங்களேன். ஒங்களுக்குத் தெரியாததா?"

என் முதுகில் அம்மாவின் விரல் பட்டது. சத்தியமாகப் பட்டது. எக்கி நின்று கத்துவதற்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. அந்தப் பெயர் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை தரம் கூப்பிட்ட பெயர்! வாயை மூடிக்கொண்டு, அவர் என்னைச் சொல்லச் சொல்கிறார் என்று மரைக்கேவிடம் மொழிபெயர்த்தேன்.

"நீங்கள் சொல்ல முடியாது" என்றாள் மரைக்கே. கடுமையாகச் சொல்லவில்லை. "ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொன்னதால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்."

ஏன் சொல்ல மாட்டாள் என்பதை அவளுக்கு விளக்க எனக்குத் துடித்தது. மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கும் உரிமை கிடையாது. ரத்தினத்திடம் திரும்பி, "நான் சொல்லக் கூடாதாம், நீதான் சொல்லணுமாம்" என்றேன். எனக்கு என் மீதே கோபமாக வந்தது.

ரத்தினம் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்க அத்தை சொல்லுவாவ" என்றாள், படத்தைப் பார்த்தபடியே. "நான் ஒரு தடவகூடச் சொன்னதில்லக்கா. தூக்கத்துலகூடச் சொன்னதில்ல. அப்படியும் கொறஞ்சுதான போச்சு."

மரைக்கே என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அதைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். விட்டுவிடலாம், எழுதி அனுப்பினால் போதும் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் ரத்தினம் திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ரா. மாரிச்சாமி" என்றாள்.

இனிஷியலோடு, கட்டுரையில் இருந்தது மாதிரியே. குரல் கரகரத்து, பழக்கமில்லாத வாயிலிருந்து வந்தது.

மரைக்கே பதிவுக்காக அதைத் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'மரிஷாமி' என்பது போல ஏதோ சொன்னாள்.

"அப்படி இல்ல" என்றாள் ரத்தினம் உடனே. இதை நான் மொழிபெயர்ப்பதற்காக அவள் காத்திருக்கவில்லை. "மாரிச்சாமி."

மரைக்கே மறுபடி முயன்றாள். இந்தத் தடவை பரவாயில்லாமல் வந்தது. நன்றி சொல்லச் சொன்னாள், நானும் சொன்னேன். எல்லாம் முடிந்துவிட்டது, அழைப்பைத் துண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ரத்தினம் எங்களைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். யாரும் கேட்காமலே இன்னொரு தரம், மெதுவாக, அடுக்களையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பதில் வருமா என்று காத்திருந்தாள்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மரைக்கே அதை நிறுத்தவில்லை.